டேஷ்போர்டில் ஒரு பொந்து

மயிலாப்பூரில் ஒரு கார் எத்தனை வருஷம் ஓடும் என்று தெரிந்தால் கார் கம்பெனிக்காரர்கள் வேறு தொழில் பார்க்கப் போய்விடுவார்கள். மாட வீதியை ஒட்டிய ஏதாவது ஒரு சந்தில், வீட்டு வாசலில், உறை போர்த்திய வண்டி ஒன்று நிற்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு, மாதம் ஒருமுறை டாக்டரிடம், டிசம்பரில் சபாவுக்கு. மற்ற நாளெல்லாம் அதன் கூரைமேல் பூனை தூங்கும். விற்றுவிடலாமே என்று கேட்டால், "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, எதுக்குக் குடுக்கணும்?" என்று பதில் வரும்.

இன்ஜின் கல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே வண்டியில் பாட்டுப் போடுகிற சமாசாரத்துக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. ரேடியோ போய்க் கேசட், கேசட் போய் சி.டி., சி.டி. போய்ப் பென் டிரைவ், அதுவும் போய் போன். வண்டி சாகமாட்டேன் என்கிறது. பாட்டுப் பெட்டி பிழைக்கமாட்டேன் என்கிறது. இவற்றுக்கு நடுவே கம்பியும் கையுமாக அலைந்தவர்களின் கதைதான் சென்னைக் கார் ஸ்டீரியோவின் சரித்திரம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது கிடையாது. அசோகர் மரம் நட்டதற்கே அங்கே இடம் போதவில்லை.

ஆதியிலே கால்வின் இருந்தார். சிகாகோக்காரர், முழுப்பெயர் பால் கால்வின். 1930-ல் தன்னுடைய ஸ்டூட்பேக்கர் காரில் ஒரு ரேடியோவைத் திணித்துக்கொண்டு, அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் கூடிய மாநாட்டுக்குப் போனார். உள்ளே ஸ்டால் போடப் பணமில்லை. வண்டியை வெளியே நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்துப்பிடித்து ஆர்டர் வாங்கிவிட்டார். இந்த வியாபார நுணுக்கத்தை ரங்கநாதன் தெரு நடைபாதையில் இன்றைக்கும் கட்டணமில்லாமல் கற்றுக்கொள்ளலாம். கடன் கேட்கப் போன இடத்தில் பேங்க்காரரின் பேக்கார்டு காரில் இவர் ரேடியோ மாட்டிக்கொடுத்தார், அரை மணியில் அந்தக் கார் தீப்பிடித்துக்கொண்டது என்றும் ஒரு கதை உலவுகிறது. நிஜமோ கட்டுக்கதையோ, கார் எலக்ட்ரீஷியன் யாரிடம் சொன்னாலும் "எர்த்து சரியா குடுத்திருக்க மாட்டாங்க" என்று உடனே நோயைச் சொல்லிவிடுவார். கால்வினின் கம்பெனிதான் பிற்பாடு மோட்டரோலா.

அந்தக் காலத்து கார் ரேடியோ வால்வு போட்டது. வால்வுக்கு எக்கச்சக்கமான வோல்டேஜ் வேண்டும். பேட்டரியிடம் அது இல்லை. ஆகவே வைப்ரேட்டர் என்று ஒரு தகரக் குடுவை. அது பேட்டரி கரண்டை விடாமல் வெட்டி வெட்டிக் கொடுக்க, ஒரு டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்தும். வைப்ரேட்டர் வண்டு மாதிரி ரீங்காரமிடும். ஸ்பார்க் பிளக்குகளும் தங்கள் பங்குக்குத் தனி ஆவர்த்தனம் வாசிக்கும். இவற்றையெல்லாம் தாண்டி ஒரு பாட்டைக் கேட்டு ரசித்தவர்கள்தாம் நம் மூதாதையர். அவர்கள் சுதந்திரம் வாங்கியதில் ஆச்சரியமே இல்லை.

சென்னையின் நிலைமை வேறு. இங்கே 1924-லேயே ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்து ஒலிபரப்பியது. 1927-ல் காசு தீர்ந்து மூடிக்கொண்டது. 1930-ல் மாநகராட்சி அதைக் கையில் எடுத்து மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தது. ஆக, அந்நாளில் சென்னைவாசிக்குக் குப்பை அள்ளியதும் பாட்டுப் போட்டதும் ஒரே ஆபீஸ். கார் வைத்திருந்த கனவான்களும் கடற்கரைக்குப் போய்ப் பொதுஜனத்தோடு பொதுஜனமாக நின்றுதான் கேட்கவேண்டும். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சி நிம்மதியாகக் குப்பைக்குத் திரும்பியது.

அதற்கப்புறம் பி.வி. கேஸ்கர் வந்தார். 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியானதும், சினிமாப் பாட்டு தேசத்தைக் கெடுக்கிறது என்று வானொலியிலிருந்து அதைத் துரத்தினார். பாட்டு படகேறி இலங்கைக்குப் போய்விட்டது. ஆகவே மயிலாப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில், கடற்கரையோரத்தில் நம் வானொலி நிலையம் நிற்க, அதன் வாசல் வழியே போன கார்களின் முள் கொழும்பில் நின்றது. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலுக்கும் பிற்பாடு கே.எஸ். ராஜா குரலுக்கும் இங்கே இருந்த மவுசு பல மந்திரிகளுக்கு இருந்ததில்லை. 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கம் சத்தம் போடாமல் சமாதானத்துக்கு வந்தது. ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், அதைத் தபாலாபீசில் வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டும் என்ற சட்டம் மட்டும் 1980களின் நடுப்பகுதிவரை தொடர்ந்தது.

இப்போது கேசட் யுகம். இதை மட்டும் அவசரமாகத் தாண்ட மனசு வரவில்லை.

பிலிப்ஸ் கம்பெனியின் லூ ஆட்டன்ஸ், கோட்டுப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டி, "இந்த அளவில் டேப் வேண்டும்" என்று ஆட்களை விரட்டி, 1963-ல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை இறக்கினார். ஐரோப்பாவில் கோட்டுப் பைக்காகப் பிறந்த வஸ்து, கோட்டே போடாத ஊரில் காரின் டேஷ்போர்டில் குடியேறியது. இங்கே அதற்கு நேரமும் கூடிவந்தது. 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பிய அகதிகளுக்காகப் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் உண்டாகியிருந்தது. வெளிநாட்டு செட்டுகள் பில் என்கிற அநாகரிகம் இல்லாமல் அங்கே கிடைத்தன. 1976-ல் 'அன்னக்கிளி' வந்து இளையராஜா கிடைத்தார். 1983 டிசம்பரில் மாருதி 800 கிடைத்தது. அதன் டேஷ்போர்டில் ஒரு நீளமான பொந்தும் கூடவே கிடைத்தது.

180 மில்லிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர். ஜெர்மானியர்கள் போட்ட கணக்கு, கடை பாஷையில் 'சிங்கிள் டின்'. ஸ்டீரியோ வாங்க வசதி வரும்வரை அந்தப் பொந்தில் விபூதிப் பொட்டலம், பார்க்கிங் சீட்டு, கோயில் எலுமிச்சம்பழம் ஆகியவை வசித்தன.

வசதி வந்ததும் எல்லோரும் போன இடம் ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. யார் இந்த ஜெனரல், எந்தச் சண்டையில் ஜெயித்தார் என்று அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. ரோட்டு ஓரத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். ஒருவர் தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே விட்டுக் காலைக் கதவுக்கு வெளியே நீட்டிப் படுத்துக்கொள்வார். கம்பியின் மேல்தோலைப் பல்லாலேயே உரித்துத் துப்பிவிட்டுத் திரித்து முறுக்குவார். மஞ்சள் நேரே பேட்டரிக்கு, சிவப்பு சாவி திருப்பினால் வரும் கரண்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக்கிச் சாவியில் கோத்துவிட்டால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செட்டுக்கு ஞாபகமறதி. நேரே பேட்டரியில் கோத்துவிட்டாலோ, செட்டை அணைக்க மறந்த அன்று ராத்திரி அது கரண்டைக் குடித்துக்கொண்டே கிடக்கும், காலையில் வண்டியைத் தள்ளவேண்டும். வேலை முடிந்ததும் அவர் கையில் இருப்பது பேஸ் அதிரும் குத்துப்பாட்டு. உரிமையாளர் கேட்பது சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிள்ளையார்தான் முதலில். குத்துப்பாட்டு வண்டி கிளம்பி ராயப்பேட்டை மணிக்கூண்டு தாண்டிய பிற்பாடு.

கேசட் வாங்குவது பாதிப்பேர், பதிவது மீதிப்பேர். வெள்ளைத்தாளில் பாட்டு வரிசையை எழுதி, ஒரு காலி டி.டி.கே. கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தால் இரண்டு நாளில் தயார். கடைசியில் டேப் மிஞ்சினால் கடைக்காரரே தன் ரசனைக்கு ஒரு பாட்டு போட்டுவிடுவார். கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு வேறு உபத்திரவம். ராகம் தானம் பல்லவியில் வித்வான் உச்சிக்கு ஏறுகிற நேரம் பார்த்து முதல் பக்கம் முடிந்துபோகும். 'டடக்' என்று ஆட்டோ ரிவர்ஸ் புரண்டு மறுபக்கம் தொடங்கும்போது அவர் இறங்கி முடித்திருப்பார். கத்திரி வெயிலில் டேஷ்போர்டில் வைத்த கேசட்டில் எந்தப் பாடகரும் ஒரு ஸ்ருதி குறைவாகத்தான் பாடுவார். டேப் வெளியே வந்துவிட்டால் நடராஜ் பென்சில்.

அப்புறம் திருட்டு பயம். செட்டையே கைப்பிடி போட்டு உருவி எடுக்கிற மாடல் வந்தது. அதற்கப்புறம் முகத்தை மட்டும் கழற்றுகிற மாடல். டிசம்பர் சீசனில் வண்டியைப் பூட்டிவிட்டு, செங்கல் அளவுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணி ஆலாபனைக்குத் தலையாட்டிய ரசிகர்கள் இருந்தார்கள். கேன்டீனில் ரவா தோசை வரும்வரை அது டேபிளிலேயே இருக்கும். சர்வர் எங்கே தட்டை வைப்பது என்று விழிப்பார்.

சி.டி. வந்தது, டிக்கியில் பத்து தட்டு வைக்கும் பெட்டியும் வந்தது, வேகத்தடையில் குதித்து இரண்டும் போயின. எம்.பி.3 தட்டு ஒன்றில் நூற்றைம்பது பாட்டு அடங்கியது, எல்லாம் 'ஹிட்ஸ்'. இதற்குமேல் அந்த யுகத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

பிரச்சினை போனோடு வந்தது. பாட்டு சட்டைப் பைக்குள், செட்டு கேசட் காலத்தில். இந்த நெருக்கடியில் கைகொடுத்தது கேசட் அடாப்டர். உண்மையில் அது போனுக்காகப் பிறந்ததே இல்லை. 1980களில் கையடக்க சி.டி. பிளேயரைக் காரோடு இணைக்க அமெரிக்கரான லாரி ஷாட்ஸ் கண்டுபிடித்தது. பார்க்கக் கேசட், உள்ளே டேப் கிடையாது. டேப் ஓடவேண்டிய இடத்தில் ஒரு குட்டி காந்தத் தலை. அதிலிருந்து வால் மாதிரி ஒரு கம்பி வெளியே வந்து போனில் சேரும். செட்டின் காந்தத் தலைக்கு நேர் எதிரே இது உட்கார்ந்து, பாட்டைக் காந்த அலையாக ஊட்டும். செட்டு டேப்தான் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டே பாடும். மனுஷ புத்தி கண்டுபிடித்ததிலேயே இதைவிடக் கண்ணியமான ஏமாற்று வேலை இருக்க முடியாது என்பது என் கட்சி. சில செட்டுகளுக்கு மட்டும் சந்தேகம் வந்துவிடும்: டேப் நகரவே இல்லையே என்று பக்கம் மாற்றும், மறுபடி மாற்றும், கடைசியில் வெளியே துப்பிவிடும்.

"இத்த வெச்சினு என்னா சார் பண்ணப்போறீங்க? கழட்டிக் கடாசிட்டு ஆண்ட்ராய்டு செட்டு போட்டுக்கலாம்" என்பார் எலக்ட்ரீஷியன்.

"வேண்டாம்ப்பா. இது ஒரிஜினல் ஜப்பான். என் மச்சினன் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டுவந்தது."

மச்சினனோடு பேச்சுவார்த்தை நின்றுபோய் எத்தனையோ காலமாகியிருக்கும். செட்டோடு உறவு நிற்காது. இவரைப் பழமைவாதி என்று சிரிக்கவேண்டாம்; லெக்ஸஸ் கம்பெனியே 2010 மாடல் சொகுசுக் காரில்கூடக் கேசட் டெக் வைத்துத்தான் விற்றது.

அடாப்டரைச் செட்டு துப்பிவிட்டவர்கள் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டருக்குப் போனார்கள். இந்தியாவில் எஃப்.எம். முதன்முதலில் ஒலித்ததே சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. ரொம்ப நாள் அதைச் சீந்துவாரில்லை. 2003-ல் தனியார் நிலையங்கள் வந்து மிர்ச்சி 98.3, சூரியன் 93.5 என்று ஆளுக்கொரு இடத்தில் துண்டு போட்டன. டிரான்ஸ்மிட்டர் என்பது சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகுகிற விரல் நீளச் சமாசாரம்; நம் போனிலிருப்பதை ஒரு குட்டி வானொலி நிலையமாக நம் காருக்கே ஒலிபரப்பும். அதாவது நம் காருக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பனகல் பார்க் சிக்னலில் நிற்கும்போது, பக்கத்துக் காரிலும் அதே கம்பெனி டிரான்ஸ்மிட்டர் அதே அலைவரிசையில் இருந்தால், நம் குத்துப்பாட்டுக்கு நடுவே அவர்களுடைய சூலமங்கலம் சகோதரிகள் கவசத்தோடு நுழைந்துவிடுவார்கள். அவர்களுக்கு என்ன கேட்டது என்பதைக் கண்ணாடி வழியே அந்த மாமி பார்க்கிற பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.

போனை நேரே செட்டோடு சேர்க்கும் ஆக்ஸ் ஒயர் யோக்கியமானது, வேலையைச் சுத்தமாகச் செய்யும். ஆனால் போனை அதே சமயம் சார்ஜிலும் போட்டால் எர்த்துக்கு இரண்டு பாதை ஆகிவிடும். ஆல்டர்னேட்டரின் முனகல் ஸ்பீக்கரில் ஏறிவிடும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஸ்ருதி ஏற்றிக்கொள்ளும். அடையாறு பாலம் ஏறுவதற்குள் ஒரு ஆரோகணமே முடிந்திருக்கும். ரிச்சி தெருவில் இதற்கென்று 'ஐசொலேட்டர்' என்ற தீப்பெட்டி சைஸ் பெட்டி விற்கிறார்கள்; நடுவில் செருகினால் அடங்கிவிடும். ஜனங்கள் அதை வாங்கி முடிப்பதற்குள், 2016-ல் ஆப்பிள்காரர்கள் போனில் ஒயர் செருகுகிற ஓட்டையையே அடைத்துவிட்டார்கள். கேட்டதற்குத் துணிச்சல் என்றார்கள். துணிச்சல்தான்.

இப்போது புளூடூத். ஒயர் இல்லை, ஆனால் பொருத்தம் பார்க்கவேண்டும். நம்பர் கேட்கும், 0000 அல்லது 1234 போட்டால் போதும், உலகத்துச் செட்டுகளில் பாதி திறந்துவிடும். சில பழைய செட்டுகள் போன் பேச மட்டும் அனுமதிக்கும், பாட்டு அதன் ஜாதகத்திலேயே இருக்காது. அந்த வழியாகப் பாட்டைத் தந்திரமாக அனுப்பிப் பார்த்தவர்கள் உண்டு, எம்.எஸ். சுப்ரபாதம் டிரங்க் காலில் பாடிய மாதிரி கேட்கும்.

சேர்ந்த பிற்பாடுதான் தமாஷ். செட்டு ஒருதரம் பார்த்த போனை லேசில் மறக்காது. அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே டிரைவர் சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துபோட்டு, பாய் தட்டி வண்டியைக் கழுவுகிறார். நேர் மேலே முதல் மாடியில் மாமா கையில் போன். நியூஜெர்சியிலிருந்து மகன் கூப்பிடுகிறான். மாமா பச்சையைத் தொட்டு, "சொல்லுப்பா" என்கிறார். காதில் சத்தமே இல்லை. "கேக்கலைப்பா, கொஞ்சம் உரக்கச் சொல்லு." மகன் உரக்கச் சொல்கிறான், கீழே, நாலு ஸ்பீக்கரில்: மாமனார் வீட்டில் கேட்ட பணம், வேலை போகப்போவது, அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்பது உள்பட. மாமா போனை வைத்துவிட்டு நெட்வொர்க்காரனைத் திட்டுகிறார். கீழே வாட்ச்மேன் நாற்காலியைக் காரின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மறுபடி பண்ணுவாரா?" என்று டிரைவரிடம் கேட்கிறார்.