கூரை இல்லாத கல்யாணத்துக்கு எந்த பிளாஷ்?

போன மாதம் "படம் எடுக்கிறவர்கள் தாராளமாக எழுதலாம்" என்று ஒரு வரி போட்டது என் தப்பு. ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டப் பக்கங்களில் இத்தனை கழுத்துகளில் கேமரா தொங்குகிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வந்ததில் முக்கால்வாசி பிளாஷைப் பற்றி. மீதி என்னைப் பற்றி. அதில் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கிழித்துவிட்டேன்.

எந்த பிளாஷ் வாங்கலாம் அண்ணே? ஒரே வரியில் சொல்லுங்கள். அடுத்த மாதம் முதல் கல்யாண ஆர்டர்.
(ரந்தாவ் பக்கத்துத் தம்பி)

ஒரே வரியில்: கல்யாணம் எந்தக் கூரைக்குக் கீழே?

கோபப்படாதீர்கள், விஷயமே அதுதான். சிரம்பானில் ஏதாவது ஹோட்டல் என்றால் வெள்ளை சீலிங் இருக்கும், கைக்கு எட்டாவிட்டாலும் கண்ணுக்கு எட்டும் உயரத்தில். பிளாஷின் தலையை அதன் பக்கம் திருப்பிவிட்டால் ஒளி சீலிங் முழுக்கப் பரவி, பெரிய ஜன்னல் வெளிச்சம் மாதிரி மெத்தென்று இறங்கும். தலை திரும்புகிற எந்த பிளாஷும் அங்கே போதும்.

தோட்டத்து மண்டபம் வேறு சாதி. மேலே தகரம், இரும்பு உத்தரம், நாலு மின்விசிறி. பக்கத்துக்குச் சுவரே இருக்காது. இருந்தால் பச்சையோ ஊதாவோ அடித்திருப்பார்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி அந்தச் சாயத்தையும் கூட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளை முகத்தில் பூசும். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் செம்பனை. ராத்திரியில் செம்பனை வரிசை கறுப்புத் துணி மாதிரி, அடித்த ஒளியில் ஒரு துளியும் திரும்பி வராது.

அதனால் தம்பி, விலை உயர்ந்த ஒன்றுக்குப் பதிலாகச் சுமாரான இரண்டு வாங்குங்கள். கேமரா கம்பெனியின் சொந்த பிளாஷ் ஒன்றின் விலைக்கு கோடோக்ஸ் மாதிரி இரண்டு மூன்று கிடைக்கும். ஒன்று கேமரா மேல், இன்னொன்று ஸ்டாண்டில், பக்கவாட்டில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு. இரண்டையும் ரேடியோ டிரிகர் பேசவைக்கும். தலை மேலும் கீழும் சாய்ந்தால் மட்டும் போதாது. இடம் வலமாகவும் சுற்ற வேண்டும், கடையிலேயே சுற்றிப் பாருங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே அஞ்சு கிலோ அரிசி மூட்டை ஒன்று வையுங்கள். தோட்டத்துக் காற்றுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதுதான் தாங்கும்.

பெட்டியில் 60 என்று போட்டிருக்கிறது. 60 மீட்டர் பாயும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
(லாபு)

பாயும். நிலா வரைக்கும்கூடப் பாயும். படத்தில் விழுமா என்பதுதான் கேள்வி.

அது மீட்டர் கணக்கு இல்லை, வழிகாட்டி எண். ஐஎஸ்ஓ 100இல், ஆள் நிற்கும் தூரத்தை அப்பர்ச்சர் எண்ணால் பெருக்கினால் வருவது. இதில் சின்னச் சூது ஒன்று உண்டு: பிளாஷ் தலையை 200 மி.மீ. ஜூமுக்கு இழுத்து, ஒளியைக் குறுக்கி, டார்ச்லைட் மாதிரி அடித்து அளந்த எண் அது. கேனன் 600இஎக்ஸ் 200இல் 60 காட்டும். குடும்பப் படம் எடுக்கிற 35 மி.மீ.க்கு வந்தால் 36. அப்பர்ச்சர் 5.6 வைத்தால் 36ஐ 5.6ஆல் வகுங்கள்: ஆறரை மீட்டர்கூட முழுசாக இல்லை. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் தூரம் இரட்டிக்கும், பதின்மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது நம் தகரக் கூரைக்கு வருவோம். ஆறு மீட்டர் உயரம் என்று வையுங்கள், பிளாஷ் இருப்பது ஒன்றரை மீட்டரில். ஏற நாலரை, இறங்க நாலரை, ஆக ஒன்பது. 36ஐ 9ஆல் வகுத்தால் அப்பர்ச்சர் 4. அதுவும் கூரை கண்ணாடியாக இருந்தால்தான். துருவும் புகையும் ஏறிய தகரம் முக்கால்வாசி ஒளியைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது 2. ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றினால் 5.6இல் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பிளாஷ் முழு மூச்சு வாங்கும்; தாலி கட்டும் நேரத்தில் இளைக்கும். அந்தக் கதை கீழே வருகிறது.

பேட்டரி எது நல்லது?
(பகாவ் பக்கம், ஒரு தங்கச்சி)

இதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார், தங்கச்சி. கேளுங்கள்.

என் சொந்தக்காரர் கல்யாணம். லயத்துக்குப் பக்கத்தில் பந்தல். அவசரத்தில் சார்ஜ் போட்ட பேட்டரியை வீட்டில் விட்டுவிட்டு, வழியில் மளிகைக் கடையில் சாதா பேட்டரி நாலு வாங்கிப் போட்டேன். கெட்டி மேளம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார், முழு சக்தியில் அடித்தேன், பளிச். அடுத்தது நாத்தனார் முடிச்சு. அந்தப் பெண் குனிகிறாள், மஞ்சள் கயிறு விரலில் இருக்கிறது, அட்சதை பறக்கிறது, என் பிளாஷின் முதுகில் இருக்கிற சின்ன விளக்கு எரிய மாட்டேன் என்கிறது. உள்ளே கொசு மாதிரி 'ஙீ' என்று ஒரு சத்தம் மட்டும். விளக்கு எரிந்தபோது நாத்தனார் நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். படத்தில் அதுதான் இருக்கிறது. இன்றைக்கும் தீபாவளிக்குப் போனால் அந்த அக்கா எனக்கு முறுக்கு வைப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

சாதா பேட்டரி 1.5 வோல்ட், எனலூப் மாதிரி திரும்பச் சார்ஜ் செய்கிறது 1.2 வோல்ட். குறைந்ததுதான் வேகமாக நிரப்பும். காரணம், உள்ளே மின்சாரத்துக்குத் தடை குறைவு. கேட்டதும் அள்ளிக் கொடுக்கும். சாதா பேட்டரி எண்ணி எண்ணிக் கொடுக்கிற கிராணி. நாலு நாலாகக் கட்டி மூன்று செட் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு செட்டில் புதுசையும் பழசையும் கலக்காதீர்கள். வசதி இருந்தால் லித்தியம் பேட்டரியோடு வருகிற வகை நல்லது. கோடோக்ஸ் வி1, வி860 போன்றவை முழு சக்தியில் அடித்தாலும் ஒன்றரை வினாடியில் தயாராகும், ஒரே பேட்டரி சாதாரணமாக ஒரு கல்யாணம் ஓடும். நாத்தனாரும் முறுக்கும் பிழைக்கும்.

பிளாஷ் முகத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி மாட்டினால் ஒளி மென்மையாகும் என்கிறார்களே? என் மச்சான் தப்பாவ் டப்பாவை வெட்டி மாட்டியிருக்கிறான்.
(சிரம்பான்)

மச்சானின் சிக்கனத்துக்கு வணக்கம். ஆனால் அறைக்குள்ளே அந்த மூடி உதவுவது ஒளியை நாலாபக்கமும் இறைத்து, சுவரிலும் சீலிங்கிலும் பட்டுத் திரும்ப வைப்பதால். திறந்த வெளியில் இறைத்தது இறைத்ததுதான், செம்பனைக்கு உரம். ஒளி மென்மையாக வேண்டுமானால் ஒளி வருகிற இடம் பெரிசாக வேண்டும். தப்பாவ் டப்பா உள்ளங்கை அளவு, பிளாஷ் தலையும் உள்ளங்கை அளவு. மீ கோரெங் வாசனைதான் கூடுதல்.

பெரிசாக்க என் வழி வேட்டி. எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து, இரண்டு பையன்களைப் பிடித்து, பெண்ணுக்குப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிளாஷ் தலையைப் பெண்ணைவிட்டுத் திருப்பி வேட்டியைப் பார்க்க வையுங்கள். ஆளுயரச் சுவர் தயார். கன்னத்தில் நிழல் இறங்குகிற இடத்தில் கோடே தெரியாது. கரை மெலிசான வேட்டியாகப் பாருங்கள், பட்டை ஜரிகை என்றால் மஞ்சள் சாயம் ஏறும். மாமனார் கட்டியிருக்கிற வேட்டியைக் கேட்காதீர்கள்.

டிடிஎல் இருந்தால் பிளாஷே கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். அப்படியானால் நாம் எதற்கு?
(போர்ட்டிக்சன்)

அது ஏமாறும்போது திட்டுவதற்கு. படம் எடுக்கும் முன் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, திரும்பி வந்த ஒளியை அளந்து, அதற்குத் தக்கபடி பெரிசை அடிக்கும், அதுதான் டிடிஎல். வெள்ளை வேட்டியும் சட்டையுமாகப் பத்து பேர் நின்றால் 'அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று சக்தியைக் குறைத்துவிடும், முகங்கள் கறுக்கும். கறுப்புக் கோட்டு மாப்பிள்ளை என்றால் ஏற்றிவிடும், நெற்றியில் விபூதியும் வியர்வையும் சேர்ந்து பல்பு போடும். வெள்ளை வேட்டிகளுக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், கறுப்புக் கோட்டுக்குக் குறையுங்கள். ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தால் டிடிஎல், மணவறையில் உட்கார்ந்துவிட்டால் கையால் வைப்பது. ஓமப் புகை கிளம்பியதும் கேமரா மேல் இருக்கிற பிளாஷை அணைத்துவிடுங்கள். அது புகையைத்தான் படம் எடுக்கும். ஸ்டாண்டில் இருப்பதைப் பின்பக்கமாக நகர்த்தி அடியுங்கள். அதே புகை அப்போது ஐயருக்கும் மணமக்களுக்கும் பின்னால் பால் மாதிரி எழும்பும்.

எங்கள் பெரியம்மா எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?
(தம்பின்)

பெரியம்மா நிரபராதி. மேலே சொன்ன சின்ன வெட்டுதான் குற்றவாளி. கண் வேகமாகச் சிமிட்டுகிறவர்களுக்கு அது பட்டதும் இமை இறங்கிவிடும், பெரிய வெட்டு வரும்போது திரை மூடியாயிற்று. பிளாஷைக் கையால் வைத்தால் சின்ன வெட்டே கிடையாது. அல்லது கேமராவில் பிளாஷ் அளவைப் பூட்டுகிற பொத்தான் இருந்தால் அதை முதலில் அமுக்குங்கள். பெரியம்மா அப்போதே சிமிட்டித் தீர்த்துவிடுவார். பிறகு எடுங்கள்.

புதுசாக ஒரு பிளாஷ் வாங்கி கேனன் 250டியில் மாட்டினேன். அடிக்கவே இல்லை. கடையோடு சண்டை போடலாமா?
(நீலாய்)

போடாதீர்கள். அந்த கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டுகிற இடத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய பெரிய உலோகப் புள்ளி அதில் கிடையாது. ஒற்றைப் புள்ளியை நம்பி வேலை செய்கிற மலிவு பிளாஷ்கள் அதில் ஊமை. கேனன் பாஷை பேசுகிற வகையாக மாற்றிக் கேளுங்கள். சோனிக்காரர்களுக்கும் இதே புத்திமதி, பெட்டியில் எந்தக் கேமராவுக்கு என்று பார்த்து வாங்குங்கள்.

அப்பா விட்டுப்போன விவிட்டார் 283 அலமாரியில் இருக்கிறது. போட்டு எடுக்கலாமா?
(லிங்கி)

அப்பாவின் பழைய பிலிம் கேமராவில் போடலாம். உங்கள் டிஜிட்டலில் வேண்டாம். அந்த ரகத்தின் பழைய தயாரிப்புகளில் சில, கேமராவின் தலைக்கு 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். இன்றைய கேமராக்களில் பல அவ்வளவுக்குப் பழகாத செல்லப் பிள்ளைகள். ரிப்பேர் பார்க்கிறேன் என்று திருகாணியையும் கழற்றாதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

எங்கள் பாட்டி காலத்தில் பிளாஷ் இல்லாமல்தானே படம் எடுத்தார்கள்?
(கிம்மாஸ்)

வெயில் இருந்ததே. 1948இல் அவசரகாலம் வந்து 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை என்றானபோது, தோட்டத்தில் பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் படமாக இருந்திருக்கும். பாட்டி முறைக்கிறாரே என்று நினைக்காதீர்கள், கண் கூசியிருக்கும். அந்தக் காலத்து பிளாஷ் பல்பு ஒன்றுக்கு ஒரு படம், எடுத்ததும் பல்பைத் தூக்கி எறிய வேண்டும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஆளுக்கொரு குரூப் படம் கேட்கிற சித்தப்பாக்களை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

மாரியம்மன் கோயில் தீமிதிக்கு எந்த பிளாஷ்?
(பெயர் போடவில்லை)

எதுவும் வேண்டாம். பூக்குழியில் கால் வைக்கிறவர் கண்ணில் இருட்டில் பிளாஷ் அடித்தால் அவருக்கு அடுத்த அடி தெரியாது. தணலே வெளிச்சம், ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். உறுமி மேளப் பையன்களை மட்டும் அடியுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும். ஷட்டரைப் பதினைந்தில் ஒரு வினாடிக்கு இறக்கி, பிளாஷ் கடைசியில் அடிக்கிற மாதிரி வைத்தால், குச்சி வந்த பாதை மங்கலாகவும் குச்சி கூர்மையாகவும் விழும்.

பேத்திக்கு மூன்று மாதம். பிளாஷ் கண்ணுக்கு ஆகாதே?
(ஓர் அம்மாச்சி)

சீலிங்கில் பட்டு வருகிற ஒளி ஒன்றும் செய்யாது அம்மா. முகத்துக்கு அருகில் நேராக மட்டும் அடிக்க வேண்டாம், குழந்தை பயந்துவிடும். இன்னொன்று, இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். நேர் பிளாஷில் எடுத்த படங்களில் இரண்டு கண்ணும் சிவப்பாகத் தெரிந்தால் பயமில்லை. ஒரு கண் சிவப்பும், ஒரு கண் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாகவும் தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் கேமரா பார்த்த கோணமாகவும் இருக்கலாம். ஆனால் குழந்தைகளுக்கு வருகிற கண் புற்றுநோய் அப்படித்தான் முதலில் தலைகாட்டும், சீக்கிரம் பார்த்தால் சரிசெய்ய முடியும்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் கல்யாணப் படம் எப்படி?
(கிழிக்காமல் வைத்த கடிதம்)

பாதி நன்றாக இருக்கிறது. பழைய பிலிம் கேமராக்கள் பலவற்றில் துணித் திரை பக்கவாட்டில் ஓடும். பிளாஷோடு எடுக்க ஷட்டர் அறுபதில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் படக்காரர் மாலை மாற்றும்போது பதற்றத்தில் நூற்றிருபத்தைந்தில் வைத்துவிட்டார். பிளாஷ் அடித்த நேரத்தில் திரை பாதியைத்தான் திறந்திருந்தது. இடது பக்கம் நான், மாலையோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய. வலது பக்கம் கறுப்பு.

என் மனைவி அதைத்தான் பெரிசாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். யார் வந்தாலும் காட்டுவாள்: "இருட்டுக்குள்ளே நிற்கிறது நான். இவரைப் பாருங்க, அன்னைக்கே தனியா சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு."