மூச்சு வாங்கும் கேள்விகள்

கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு லடாக் கிளம்பத் துடிக்கும் தம்பதிகளின் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த வாரம் முழுக்க அவர்களுக்குத்தான். அரசியல் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. தேனிலவுக்கு லடாக் போகலாம் என்கிறார். சரிப்படுமா?
– ஒரு புதுமனைவி, கரூர்

தேன் கெட்டிப்பட்டிருக்கும். நிலவு பிரமாதமாக இருக்கும்.

பனிமலை என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள், அது பாலைவனம். பருவமழையை இமயம் தெற்குப் பக்கமே மறித்துவிடுவதால், லே நகரில் வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 100 மி.மீ.தான். சென்னையில் ஐப்பசி மாதம் ஒரே ராத்திரியில் அது கொட்டித் தீர்த்துவிடும். வெயில் பட்ட கன்னம் கருகும்போதே நிழலில் இருக்கும் காது விறைக்கும். சன்ஸ்கிரீனும் உதட்டுக்கு வாசலினும் அவருக்கும் சேர்த்தே வாங்குங்கள். "எனக்கெதுக்கு?" என்பார். மூன்றாம் நாள் உங்கள் கைப்பையைத்தான் துழாவுவார்.

ஆறு நாள் லீவு கிடைத்திருக்கிறது. மணாலி, லே, நுப்ரா, பாங்காங், ஹன்லே, உம்லிங் லா எல்லாவற்றையும் முடிக்க முடியுமா?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

முடியும். உங்களையும் சேர்த்து முடித்துவிடும்.

அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடக் கூடாது, உயரத்தில் போட வேண்டும். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் அங்கே பூரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, அன்று மாலையே சர்ச்சுவில் கூடாரம் அடிப்பவர்கள் நிறைய. சர்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டர். ராத்திரி தலை பிளக்கும், வாந்தி வரும், தூக்கம் வராது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கியதைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. பகலில் அதைவிடக் கொஞ்சம் உயர ஏறி இறங்கலாம், தலையணை போடும் உயரம்தான் முக்கியம்.

என்னைக் கேட்டால் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர் 1,600, கார்கில் 2,700, லே 3,500 என்று உடம்புக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போகும் பாதை அது. லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் சும்மா கிடங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ "காலையில் பார்க்கலாம்" என்று படுக்காமல் அப்போதே கீழே இறங்க வேண்டும்.

உம்லிங் லாவின் சாலை 19,024 அடி உயரத்தில் போகிறது. எவரெஸ்ட்டின் நேபாள அடிவார முகாமே அதற்குக் கீழேதான். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் பாதி. பன்னிரண்டு நாள் லீவு கேளுங்கள். மேனேஜர் தராவிட்டால் கூர்க் போய்விட்டு வாருங்கள்.

நான் ஓட்டுவேன், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வாள். சண்டை வராமலிருக்க யோசனை சொல்லுங்கள்.
– ஒரு கணவர், திருச்சி

இருப்பதே ஒரு ரோடு. அதில் அவர் என்ன வழி சொல்லப் போகிறார்?

சண்டை வரப்போவது அலாரத்தால். அங்கே பனி உருகி வரும் ஓடைகள் பல இடங்களில் ரோட்டின் மேலேயே ஓடும். ஓட்டுநர்கள் 'நாலா' என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் முழங்காலைத் தாண்டிவிடும். எனவே ஐந்தரைக்கு எழுப்புகிறவர்தான் வீட்டில் புத்திசாலி. அது நீங்களாக இருக்காது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நாலா வந்ததும் நிறுத்துங்கள், முன்னால் ஒரு லாரி போகட்டும், அதன் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பார்த்த பிறகு இறங்குங்கள்.

இன்னொன்று. ஆக்ஸிஜன் குறைந்தால் எரிச்சல் வருவது உடம்பின் இயல்பு. அவர் காரணமில்லாமல் கத்தினால் சம்பந்திகளை இழுக்காமல் காற்றைச் சந்தேகியுங்கள்.

மேலே கேட்டவரின் மனைவி. பெட்ரோல் போடச் சொன்னால் "அடுத்த பங்க்கில் பார்க்கலாம்" என்பார். நீங்களாவது சொல்லுங்கள்.
– அதே திருச்சி

ஐயா, மணாலி வழியாக ஏறுவதானால் தாந்தியைத் தாண்டுமுன் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். அடல் சுரங்கம் கடந்து, சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் அந்த ஊரில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று போட்ட பலகை புகழ்பெற்றது. நடுவில் புதிதாக எது முளைத்திருந்தாலும், நீங்கள் போகும் நாளில் அதில் சரக்கு இருக்குமென்று யார் கண்டது? உயரம் கூடக் கூட எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். டர்போ இல்லாத பெட்ரோல் கார் என்றால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் இழுவை குறையும். ஐயாயிரம் மீட்டரில் பாதி எஞ்சினோடுதான் ஏறுகிறீர்கள். முதல் கியரும் இரண்டாவது கியருமாகவே போக வேண்டியிருக்கும், மைலேஜ் கணக்கு உதைக்கும். உபரியாக ஒரு கேனும் வையுங்கள்.

அம்மா, இதை வெட்டி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

சாதம் இல்லாவிட்டால் அவருக்கு இறங்காது. சின்ன கேஸ் அடுப்பும் அரிசியும் எடுத்துப் போகலாமா?
– மன்னார்குடி வாசகி

குக்கரும் எடுத்துப் போனால் சரி. 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று பொங்கும், அரிசி மட்டும் அசையாது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று காத்திருந்தால் அடுத்த அமாவாசை வந்துவிடும்.

அடுப்பிலும் ஒரு வம்பு உண்டு. கடைகளில் கிடைக்கும் சின்ன டப்பாக்களில் பெரும்பாலும் பியூட்டேன். பூஜ்யம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே அது ஆவியாக மறுக்கும், அடுப்பு அழுது வடியும். புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்தது வாங்குங்கள். அனுபவசாலிகள் ராத்திரி அந்த டப்பாவை ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். பொறாமைப்படாதீர்கள், காலைக் காபிக்காகத்தான். எவ்வளவு குளிரினாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எழுப்பிச் சொல்லவும் செய்யாது. லே வரை விமானத்தில் போகிறீர்கள் என்றால் டப்பாவை அங்கேதான் வாங்க வேண்டும், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

இத்தனை பாடு எதற்கு? அவல் எடுத்துப் போங்கள். அதற்கு 85 டிகிரி தாராளம். ஊரிலிருந்தே புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டு போனால், பாங்காங் ஏரியைப் பார்த்தபடி புளி அவல். அவருக்கு அது சாதமில்லை என்பது தெரிவதற்குள் தட்டு காலியாகியிருக்கும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பாத்ரூம்?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வியை நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள்.

லடாக் கிராமத்து வீடுகளில் தண்ணீரே தேவைப்படாத கழிப்பறை உண்டு. மாடியில் தரையில் ஒரு துவாரம், பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழ்த்தளத்தில் சேர்வது மட்கி, பிறகு பார்லி வயலுக்கு எருவாகப் போகும். நாற்றம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஃபிளஷ் கேட்டு அடம்பிடிக்கும் நம் ஆட்களால்தான் அந்த வறண்ட ஊரில் தண்ணீருக்குப் பாடு.

வெட்டவெளியில் என்றால், ஓடைக்கும் ஏரிக்கும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி. நாப்கினையும் காகிதத்தையும் புதைக்காதீர்கள். அந்தக் குளிரிலும் வறட்சியிலும் எதுவும் லேசில் மட்காது. பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். மறைவுக்கு ஒரு புதர்கூடக் கிடைக்காத சமவெளிகள் வரும். பெரிய போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நிற்பதுதான் கணவருக்கு வேலை.

'3 இடியட்ஸ்' படத்தில் வந்த ஏரிக்கரையில் கூடாரம் போட ஆசை.
– ஒரு ஜோடி, ஈரோடு

ஆசையைக் கரையிலிருந்து தள்ளிப் போடுங்கள். பாங்காங் 134 கி.மீ. நீளம், கூட்டமெல்லாம் சினிமா வந்த அந்த ஒரு மூலையில். இன்னும் அமைதி வேண்டுமென்றால் த்ஸோ மோரிரி. அது ராம்சார் பட்டியலில் உள்ள நீர்நிலை, கருங்கழுத்துக் கொக்கு குஞ்சு பொரிக்கும் இடம். அங்கே கரையில் முகாம் போட அனுமதியில்லை. பக்கத்திலிருக்கும் கோர்ஸோக் கிராமத்தில் தங்குங்கள். ரீல்ஸுக்காகக் காரை ஏரிக்குள் இறக்குகிறவர்களைப் பற்றி நான் எழுத நினைத்ததை ஆசிரியர் அடித்துவிட்டார்.

எங்கே போட்டாலும் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். பனிச்சிறுத்தை வராது, தெருநாய் வரும், கூட்டமாக.

பாங், டெப்ரிங் பக்கம் சாலையோரத்தில் பழைய பாரசூட் துணியில் கட்டிய தாபாக்கள் இருக்கும். வட்டமாகத் திண்ணை, அதில் மெத்தை, கனமான ரஜாய், நடுவில் அடுப்பு, கேட்டதும் மேகி, உப்பும் வெண்ணெயும் போட்ட டீ. நடத்துவது பெரும்பாலும் பெண்கள். உங்கள் முகம் வெளுத்திருந்தால் கேட்காமலேயே பூண்டு சூப் வைத்துக் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய கூடாரத்தை மாலையில் விரித்துப் படம் எடுத்துக்கொண்டு, ராத்திரி இங்கே வந்து படுப்பவர்களே அதிகம். நான் அந்தக் கட்சி.

நட்சத்திரம் பார்க்க ஹன்லே போக வேண்டுமாம். எங்கள் மொட்டை மாடியில் தெரியாததா?
– வாணியம்பாடி வாசகி

இதை மற்ற ஊர்க்காரர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். உங்கள் ஊருக்கு மேலே ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கி 2.34 மீட்டர். ஹன்லேவின் தொலைநோக்கி 2 மீட்டர்தான். இரண்டும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துடையவை. ஹன்லேவில் இருப்பதற்கு நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர்.

ஆனால் ஹன்லே 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பார்வையை மங்கவைக்கும் ஈரக்காற்றில் பெரும்பகுதி அதற்குக் கீழேயே தங்கிவிடும். 2022-ல் அந்த வட்டாரத்தையே இருள் வான் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். ராத்திரி ஹெட்லைட் போட்டுக்கொண்டு திரிந்தால் ஊரே முறைக்கும். அமாவாசையை ஒட்டிப் போங்கள், பால்வழி அடிவானம் முதல் அடிவானம் வரை கிடக்கும். கரூர் வாசகிக்கு நிலவைப் புகழ்ந்தது உங்களுக்குப் பொருந்தாது.

காட்டா வளைவுகளில் பேய் இருக்கிறதாமே?
– ராசிபுரம்

மணாலி–லே சாலையில் வரும் 21 கொண்டை ஊசி வளைவுகள் அவை. பனியில் சிக்கித் தாகத்தோடு செத்த லாரி கிளீனர் தண்ணீர் கேட்கிறான் என்பது கதை. வளைவில் ஒரு சின்னச் சமாதி, சுற்றிலும் ஓட்டுநர்கள் வைத்துப் போன ஆயிரக்கணக்கான தண்ணீர் பாட்டில்கள். பேய் போனாலும் பிளாஸ்டிக் போகாது.

அங்கே போனால் போன் கிடைக்குமா? மாமியார் தினமும் மூன்று வேளை பேசுவார்.
– ஒரு மருமகள், சேலம்

வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுகூடப் பெரிய ஊர்களைத் தாண்டினால் பல மணி நேரம் மௌனம்தான். முதல் பாதியை மட்டும் மாமியாரிடம் சொல்லுங்கள். உங்களுடையது போஸ்ட்பெய்டு என்பதை யார் கேட்டார்கள்?