எழுதா வட்டின் விலையியல்

12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் நடுவே ஒரு துளையும் உடையதாய், பாலிகார்பனேட் எனும் தெளிந்த பிளாஸ்டிக்கால் வார்க்கப்படும் எழுதா வட்டு, அதாவது கடை வழக்கில் ‘பிளாங்க் சிடி’ எனப்படுவது, சிடி-ஆர், டிவிடி-ஆர், புளூ-ரே எனப் பெயர் மாறியும் உருவம் மாறாதிருப்பது யாவரும் அறிந்ததே. உருவம் ஒன்றாயிருக்கவும் புதிய வட்டு பழையதினும் விலை மிகுந்து பிறப்பதேன் என்னும் வினாவுக்கு இரு தரப்பார் விடை கூறுவர். இரண்டும் பொருந்தா என்பது ஈண்டுக் காட்டப்படும்.

முதல் தரப்பார் பொருட் கொள்கையர். சென்னை ரிச்சி தெருவில் ஐம்பது வட்டு கோத்த டப்பாவைக் கையில் ஏந்தி எடை பார்த்து, ‘இந்த பிளாஸ்டிக்குக்கா இத்தனை விலை?’ என வினவுவோர் இவர். இவர் கொள்கைப்படி மூவகை வட்டும் ஒரே விலைக்கு விற்றல் வேண்டும். துளைக்குத் தள்ளுபடியும் கேட்கலாம். அன்றியும், தொடக்ககாலச் சிடி-ஆரில் ஒளியைத் திருப்பும் பூச்சு பொன்னாயிருந்து பின்னரே வெள்ளியானமையால், பொருளே விலை எனின் பழைய வட்டே விலை மிகுதல் வேண்டும்.

இரண்டாம் தரப்பார் கொள்ளளவுக் கொள்கையர். 700 எம்பி, 4.7 ஜிபி, 25 ஜிபி என இடம் பெருகியதற்கேற்ப விலையும் பெருகிற்று என்பர். 2006-இல் டிடிகே நிறுவனம் 25 ஜிபி புளூ-ரே எழுது வட்டுக்கு ஏறத்தாழ 20 டாலரும், 50 ஜிபி வட்டுக்கு ஏறத்தாழ 48 டாலரும் விலை கூறியது. சிறியவை இரண்டு வாங்கினால் அதே இடம் 40 டாலருக்குக் கிடைக்கும் ஆதலின், மிகுந்த எட்டு டாலர் எதற்கு என்பதற்கு இவரிடம் விடையில்லை.

விடை வட்டின் உள்ளே உளது. தரவு எழுதப்படும் சுருள் தடத்தின் இடைவெளி சிடியில் 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74, புளூ-ரேயில் 0.32, அதனைப் படிக்கும் லேசரின் அலைநீளமும் 780 நானோமீட்டரிலிருந்து 650-க்கும், பின் 405-க்கும் குறுகிற்று. புளூ-ரேயில் தரவை மூடும் படலம் 0.1 மில்லிமீட்டரே ஆதலின், அது வட்டெங்கும் சீராய்ப் படிதல் வேண்டும். கீறல் தாங்கும் மேற்பூச்சும் வேண்டும். இவற்றுக்குப் பழைய எந்திரம் உதவாது. இரு அடுக்குடைய 50 ஜிபி வட்டிலோ ஓரடுக்கு பழுதுபட்டாலும் வட்டு முழுதும் கழிவாகும். எட்டு டாலரில் பெரும்பகுதி குப்பைக்குப் போன வட்டுகளின் விலை என்பதே துணிபு.

உரிமைத்தொகை என்னும் கண்காணாச் செலவும் உண்டு. சிடி-ஆருக்குப் பிலிப்ஸ் முதலியோர் விற்பனை விலையில் 3 விழுக்காடு அல்லது 10 யென், இவற்றுள் எது மிகுதியோ அதனைக் கேட்டனர். விலை வீழ்ந்தும் பத்து யென் வீழாமையால் தைவான் உற்பத்தியாளர் முறையிட, 2001-இல் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் பிலிப்ஸ் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பழைய வட்டும் தன் விருப்பம்போல் மலிய இயலாது என்பதற்கு இதுவே சான்று.

எனினும் எந்திரச் செலவு கோடிக்கணக்கான வட்டுகளில் பகிரப்பட்டபின் புதுமையின் விலை கரையும். நொய்டாவின் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, ஒரு தலைமுறைத் தொழில்நுட்பத்தின் மதிப்பு ஆறு ரூபாய் ஆயிற்று. அவை படம் பதிந்த வட்டுகள் அல்லவோ எனின், படத்தையும் சேர்த்தே ஆறு ரூபாய் என்பதால் வாதம் வலுப்பெறுமேயன்றிக் குன்றாது.

இனி விலை ஏறின் அதற்குக் காரணம் இளமையன்று, முதுமையே. தையோ யூடன் 2015-இலும், பானசோனிக் 2023-இலும், சோனி 2025 பிப்ரவரியிலும் எழுது வட்டுத் தொழிலைக் கைவிட்டன. ஆதலின் குடும்பத் திருமண வீடியோவை வட்டில் ஏற்றிவைக்க விழைவோர், விலையை ஆராயுமுன் அதனை ஓட்டும் கருவி வீட்டில் உளதா எனப் பார்த்துக்கொள்வது நன்று.