அனுப்புநர்: சார்லி ரூட்

மின்னஞ்சலுக்கு அனுப்புநர் இருவர். ஒருவர் உறையின் மேல் இருப்பவர். சர்வர்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் முகவரி அது. மற்றவர் கடிதத்தின் ‘ஃப்ரம்’ வரியில் இருப்பவர். அந்த வரியிலும் கோண அடைப்புக்குள் ஒரு முகவரி, அதற்கு முன்னால் ஒரு பெயர். 1982இல் வந்த மின்னஞ்சல் விதி ஆவணமான ஆர்.எஃப்.சி. 822 தொடங்கி இன்றுவரை, அந்தப் பெயர் உண்மையா என்று எந்த விதியும் கேட்டதில்லை.

மனிதர் என்றால் தன் பெயரைத் தானே போட்டுக்கொள்வார், முடிந்தால் பட்டத்தோடு. இயந்திரத்துக்குப் பெயர்சூட்டு விழா நடப்பதில்லை. யூனிக்ஸ் கணினிகளில் அஞ்சல் மென்பொருள் அதற்கொரு பெயர் தேடிப் போகும் இடம், பயனர் கணக்குகளின் கோப்பில் உள்ள ‘ஜிகாஸ்’ என்னும் புலம். அது பெயருக்காக ஏற்பட்டதே அல்ல. பெல் ஆய்வகத்தில், ஜிகாஸ் இயங்குதளம் ஓடிய வேறொரு கணினிக்கு அச்சு வேலைகளை அனுப்பத் தேவையான கணக்கு விவரத்தை வைக்க ஒதுக்கிய இடம். அந்தக் கணினி போய்விட்டது, புலம் தங்கிவிட்டது, காலி வீட்டில் பெயர்கள் குடியேறின.

யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் தலைமைக் கணக்கான ‘ரூட்’டுக்கு அங்கே ‘சார்லி &’ என்று எழுதியிருக்கும். & வந்தால் கணக்கின் பெயரை அந்த இடத்தில் நிரப்பிக்கொள்வது வழக்கம். ஆக, சார்லி ரூட். சிகாகோ கப்ஸ் அணியில் பந்து வீசிய பேஸ்பால் வீரர் ஒருவருக்கும் இதே பெயர். 1932 உலகத் தொடரில் பேப் ரூத்தின் புகழ்பெற்ற ஹோம் ரன் இவர் வீசிய பந்தில் அடிக்கப்பட்டதுதான். சர்வருக்குள் இருக்கும் சார்லிக்கு அந்தச் சோகமெல்லாம் இல்லை. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம், யார் கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டது என்று தினமும் அறிக்கை அனுப்புகிறார். விடுப்பு எடுப்பதில்லை.

போய்ச் சேராத கடிதத்தைத் திருப்பி அனுப்புபவர் ‘மெயிலர் டீமன்’. அந்த அறிவிப்பின் உறையில் அனுப்புநர் இடம் வெறுமையாக விடப்படும். இல்லையென்றால் அறிவிப்பு சேரவில்லை என்றொரு அறிவிப்பு, அதுவும் சேரவில்லை என்று இன்னொன்று என இரண்டு சர்வர்கள் விடிய விடியச் சண்டை போடும்.

பெயர் இருந்தாலும் முழுதாக வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ‘முருகன், கே.’ என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அந்தக் கமா ஒருவரை இருவராக்கிவிடும். பழைய விதியில் புள்ளிக்கும் மேற்கோள்குறி வேண்டும். இனிஷியல் இல்லாமல் கையெழுத்தே போடாத தமிழர்களைக் கேட்டு எழுதிய விதி அல்ல அது. தமிழ் எழுத்துகளுக்கு 1996இல் ஆர்.எஃப்.சி. 2047 ஒரு வழி செய்தது. ‘வங்கி’ என்பது யூடிஎஃப்-8இல் 15 பைட், அதை ஆங்கிலக் குறிகளாக மாற்றும் பேஸ்64 முறையில் எழுதினால் 20 குறிகள். அதைத் திரும்பத் தமிழாக்கத் தெரியாத செயலியில் வங்கியின் பெயர், விசைப்பலகை மேல் பூனை நடந்ததுபோல் தெரியும்.

பெறும் பக்கத்திலும் தலையீடு உண்டு. பெயரே இல்லாவிட்டால் பல செயலிகள் @ குறிக்கு முன்னால் இருப்பதையே பெயராக்கும். ‘நோ-ரிப்ளை’ என்பவர் இத்தனை பேருக்குக் கடிதம் எழுதுவது இப்படித்தான். முகவரிப் புத்தகத்தில் வேறு பெயர் இருந்தால் அதுவே வெல்லும். எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்களில் உள்ளிருந்து போகும் கடிதத்துக்கு நிறுவனக் கோப்பகத்தில் உள்ள பெயரே வரும். விடுப்பு மென்பொருள் ஓர் ஊழியரின் கணக்கை இரவல் வாங்கி ஓடினால், விடுப்பு மறுப்புகள் எல்லாம் அவர் பெயரில் போகும். கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அனுப்புநரைச் சரிபார்க்கும் சோதனைகள் இல்லாமல் இல்லை. எஸ்பிஎஃப் உறையைப் பார்க்கிறது, டிகேஐஎம் கையொப்பத்தைப் பார்க்கிறது, இவற்றில் ஒன்றாவது ஃப்ரம் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று டிமார்க் பார்க்கிறது. பெயரை மூன்றுமே பார்ப்பதில்லை. கைபேசித் திரையிலோ சோதித்த முகவரி ஒளிந்திருக்க, சோதிக்காத பெயர்தான் தடித்த எழுத்தில் நிற்கிறது. வங்கியிடமிருந்து அவசரக் கடிதம் வந்தால், முதலில் அந்தப் பெயரைத் தொட்டு உள்ளே இருக்கும் முகவரியைப் படியுங்கள்.