பரங்கிப்பேட்டையில் கடை விரித்தவர்கள்

பாடப்புத்தகத்தில் பரங்கிப்பேட்டைக்கு ஒரே வரிதான்: 1781 ஜூலை 1, ஹைதர் அலி தோற்றார், அயர் கூட் ஜெயித்தார், எழுதினால் இரண்டு மதிப்பெண். பி.முட்லூரில் திரும்பி வெள்ளாற்றங்கரைப் பக்கம் போகிறவர்களோ அல்வா வாங்கத்தான் போகிறார்கள். சண்டையைப் பற்றி விசாரிக்கிறவனைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அவர் பார்வை சரி. இந்த ஊர் வரலாற்றில் சண்டையைவிடக் கூத்துதான் அதிகம்.

போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் இங்கே கடை விரித்தார்கள். வந்தது நம் நெசவுத் துணிக்கு. கடைசியாக 1733 செப்டம்பரில் ஸ்வீடன்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். கம்பெனி ஆரம்பித்து இரண்டே வருடம். கப்பலின் பெயர் அரசி உல்ரிகா எலியோனோரா. பெயரும் கொடியும்தான் ஸ்வீடன். வியாபாரம் பேசிய சார்லஸ் பாரிங்டன் பிரிட்டன்காரர். லண்டன் கம்பெனியின் ஏகபோகத்தில் இடம் கிடைக்காத ஆசாமிகள் பலர் ஸ்வீடன் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய காலம் அது.

கிட்டங்கி கட்டி மூச்சு விடுவதற்குள் சென்னை ஆங்கிலேயருக்கும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கும் மூக்கில் வேர்த்துவிட்டது. கீரியும் பாம்பும் கை கோத்துக்கொண்டு வந்து கிட்டங்கியைச் சூறையாடின. ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் இந்த மண்ணில் ஒற்றுமையாக்கிய புண்ணியம் ஸ்வீடனுக்குத்தான். அந்த ஒற்றுமையின் ஆயுள் 13 வருடம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையையே பிடித்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், பக்கத்துக் கடலூரில் ஆங்கிலேயர் நிலம் வாங்கிய அழகைச் சொல்லியாக வேண்டும். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலை பேசினார்கள். கோட்டையோடு சுற்றுவட்டாரமும் சேர்த்தி. எவ்வளவு தூரம்? பீரங்கிக் குண்டு விழுகிற தூரம். சங்கிலி வேண்டாம், கணக்குப்பிள்ளை வேண்டாம். சென்னையிலிருந்து இருப்பதிலேயே நல்ல பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரனையும் அனுப்பினார்கள். குண்டு விழுந்த இடமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். பட்டா மாற்ற இன்று நாம் ஏறி இறங்கும் படிகளை நினைத்தால், குண்டே மேல் என்று தோன்றுகிறது. அப்போது சென்னை கவர்னர் எலிஹு யேல். இங்கே சேர்த்த காசில் பிற்பாடு அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கு நன்கொடை கொடுத்து, தன் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே வரவைத்தவர்.

இந்தக் கனவான்களுக்குப் பொழுது சாய்ந்தால் என்ன வேலை? குடி. உள்ளூர்ச் சாராயம் ஒரு பக்கம், கௌரவத்துக்கு மதீரா ஒயின் இன்னொரு பக்கம். மதீராத் தீவில் கப்பல் நிற்கும்போது பீப்பாய்களை ஏற்றுவார்கள். வெப்பக் கடலில் மாதக்கணக்கில் வெந்து குலுங்கியதில் அதன் ருசி கூடியதாம். கடல் பயணத்தால் குணம் மேம்பட்டு இந்தியாவுக்கு வந்தது அந்த ஒயின் ஒன்றுதான் என்பது என் கட்சி.

கூடவே பிடிலும் வந்தது. சென்னைப் பக்கம் மணலியில் பாலுசாமி தீட்சிதர் அதை ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டார். அவர்கள் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசித்ததை, நம்மவர்கள் சம்மணமிட்டு, அதன் தலையைக் காலில் சாய்த்து வாசித்தார்கள். வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கியதை இவ்வளவு பணிவாக உட்காரவைத்தது அது ஒன்றுதான். 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தபோது அந்தப் பிடிலுக்கும் பாடத்திட்டம் வந்துவிட்டது.

சரி, சண்டைக்கு வருவோம். 1781 ஜூனில் கூட் முதலில் சிதம்பரம் கோயிலைத்தான் தாக்கினார். உள்ளே இருந்தது ஹைதரின் காவற்படை. அடி வாங்கித் திரும்பினார். தில்லைக்குள் நுழைவது லேசா? நந்தனாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இரண்டு வாரத்தில் பரங்கிப்பேட்டை அருகே சண்டை மூண்டது. ஹைதர் ஒரு மேட்டில், தாழ்ந்த ஆசனத்தில் சம்மணமிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். படை பின்வாங்கியது, குண்டுகள் நெருங்கின, மனிதர் அசையவில்லை. நெடுநாள் ஊழியம் பார்த்த குதிரைக்காரன் ஒருவன்தான் துணிந்து அவர் காலைப் பிடித்து இழுத்து, செருப்பை மாட்டி, நாளைக்கு ஜெயித்துக்கொள்ளலாம், இப்போது குதிரை ஏறுங்கள் என்றானாம். எழுதிவைத்தவர் கர்னல் வில்க்ஸ். அந்தக் குதிரைக்காரன் இல்லாவிட்டால் மைசூரின் கதை அன்றே முடிந்திருக்கும். பாடப்புத்தகத்தில் அவனுக்கு அரை மதிப்பெண்கூட இல்லை.

ஐம்பது வருடம் கழித்து வந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு 1830-இல் இங்கே இரும்பாலை தொடங்கினார். கனிமம் சேலத்திலிருந்து ஆற்று வழியே வர வேண்டும், உலைக்கு மரக்கரி வேண்டும். காடு கரைந்தது, ஹீத்தின் காசும் கரைந்தது. மாங்கனீசு சேர்த்தால் நல்ல எஃகு வருமென்று கண்டுபிடித்து 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் அவருடைய ஏஜெண்டே அதில் ஓட்டை கண்டுபிடித்து வேறு வழியில் மாங்கனீசு சேர்த்துக்கொண்டார். ஹீத் ஏழையாகச் செத்தார்; வழக்கு சாகவில்லை. 1855-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது. அதுவும் அவருக்குப் பாதகமாக.

இந்த இரும்பு வேல்ஸ் நாட்டு மெனாய் பாலத்துக்குப் போனது என்று நம் ஊரில் பெருமை பேசுவார்கள். அந்தப் பாலம் திறந்தது 1826-இல், உலை மூட்டியதற்கு நாலு வருடம் முன்னால். எனவே 1850-இல் திறந்த பக்கத்துப் பிரிட்டானியா பாலத்தோடு திருப்திப்படுவோம். அதற்குள்ளும் 1970 மே மாதம் சில பையன்கள் தீப்பந்தத்தோடு புகுந்து, தீ தவறி, பாலமே எரிந்து இரும்புக் குழாய்கள் தொய்ந்துபோயின. மிஞ்சிய ஒரு துண்டைப் பக்கத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதில் சேலம் எத்தனை கிலோ என்று தட்டிப் பார்த்தா சொல்ல முடியும்?