ஓசூர் வட்டத்திலிருந்து சிவப்பு வட்டத்துக்கு

அனுப்புநர்:
ஒரு லேத் பட்டறைக்காரன்,
சிட்கோ தொழிற்பேட்டை,
ஓசூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செய்தி ஆசிரியர் அவர்கள்,
தமிழகத்தின் முதன்மையான, நடுநிலையான, அதிவேகச் செய்தித் தொலைக்காட்சி
(எல்லோரும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வதால் பெயர் எழுதவில்லை),
சென்னை.

பொருள்: அடியேனின் தலையைச் சுற்றித் தாங்கள் போட்டருளிய சிவப்பு வட்டம் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. கடந்த வியாழன் இரவு 9 மணிச் செய்தி. 2. அதே செய்தி, 9.30, 10, 10.30, மறுநாள் காலை 6.

ஐயா,

ஐம்பத்து நாலு வருஷமாக ஓசூர் வட்டத்தில் குடியிருக்கிறேன். பட்டா மாற்ற வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்திருக்கிறேன். வட்டச் செயலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறேன். தொழிலும் வட்டம்தான், இரும்பை லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டு உருட்டுவது. இத்தனை வட்டங்களில் கிடைக்காத புகழ், தாங்கள் போட்ட ஒரே ஒரு சிவப்பு வட்டத்தில் கிடைத்துவிட்டது. அம்பு வேறு. நன்றி.

வியாழக்கிழமை என் பெண்ணைப் பார்க்கத் தேன்கனிக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு ஒன்பது மணிச் செய்தி பார்க்காமல் சாப்பாடு இறங்காதாம். போட்டுவிட்டோம். கேசரி முடிந்து பஜ்ஜித் தட்டு வரும் நேரம், திரையில் ஓசூர் ரயில் நிலையம். ஜன்னலோரம் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே என் வழுக்கை. அதைச் சுற்றித் தங்கள் வட்டம். கீழே பெரிய எழுத்தில்: 'வடமாநிலத் தொழிலாளர்களை வளைக்கும் தரகர் கும்பல்?'

பெரியப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "ஏங்க, இது நீங்கதானே?" என்றார். நானில்லை என்றால் பொய். நான்தான் என்றால் தரகன். என் மனைவி பஜ்ஜித் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். போகும்போது மாப்பிள்ளையின் அம்மா, "ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்றார். இன்று எட்டாம் நாள். இன்னும் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

மூலையில் பொடி எழுத்தில் 'கோப்புக் காட்சி' என்று போட்டிருந்தீர்கள். அந்த நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பெரியப்பாவுக்குக் கண்புரை இருந்தது என் தலையெழுத்து.

அந்தக் கோப்பின் வரலாறு தங்களுக்குத் தெரிந்திருக்கும், தாங்கள்தானே எடுத்தீர்கள். 2023 மார்ச், ஹோலிக்கு முந்தைய வாரம். என் பட்டறைப் பையன்கள் எட்டுப் பேர் பெங்களூரு போய் பீகார் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார்கள். வழியில் சாப்பிடத் தக்காளிச் சாதம் எட்டுப் பொட்டலம் கட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அன்று அதற்குத் தாங்கள் வைத்த தலைப்பு, 'உயிருக்குப் பயந்து ஓடும் தொழிலாளர்கள்.' இன்று அதே பொட்டலம் தரகர் பணமாகிவிட்டது. தக்காளிச் சாதம் இத்தனை நாள் கெடாமல் இருப்பது தங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும்தான்.

மறுநாள் காலை தங்கள் அலுவலகத்துக்கு போன் போட்டேன். ஒரு தம்பி மரியாதையாகவே பேசினார். "சார், வட்டத்தை நாங்க போடல சார். சாஃப்ட்வேர்ல கூட்டத்துல தனியா தெரியற முகத்தை அதுவே எடுத்துக்கும்." மன்னிப்புப் போட முடியுமா என்று கேட்டேன். "அதுக்கு ஸ்லாட் இல்லையே சார்" என்றார்.

ஐயா, எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்கிறேன். தங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு டிராயிங் வரும். அதில் விட்டம் 40 மில்லிமீட்டர், கூடக் குறைய 20 மைக்ரான் என்று போட்டிருக்கும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அது தவறினால் கம்பெனி வாசலிலேயே லாட் ரிஜெக்ட். லாரி வாடகை என் தலையில், டெபிட் நோட்டும் என் தலையில். அப்புறம் எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எந்த ஆள், ஏன் தவறியது, இனி தவறாமல் இருக்க என்ன செய்தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வரை அடுத்த ஆர்டர் கிடையாது. வட்டம் போடும் தொழிலில் நாங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் பாருங்கள். தாங்கள் போட்ட வட்டம் ஒருநாளும் வாசலுக்குத் திரும்பி வருவதில்லை. அதற்கான டெபிட் நோட்டு வேறு யார் வீட்டுக்கோ போகிறது.

யார் வீட்டுக்கு என்றும் சொல்லிவிடுகிறேன். அதே 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று போன் போனாகக் காணொளி பறந்தது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, அவை பொய் என்று தானே ஒரு காணொளியில் வந்து சொன்னார். ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை. வேறொரு காணொளி பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுத்தது என்று பீகார் காவல்துறையே சொன்னது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. இந்தி பேசியதற்காகக் கொல்கிறார்கள் என்று ட்விட்டரில் எழுதிய பா.ஜ.க. வழக்கறிஞர் பிரசாந்த் உம்ராவிடம், மன்னிப்புக் கேளுங்கள் என்று ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாம் நடந்தது. எல்லாம் ஆற அமர நடந்தது.

அதற்கு முன்னால் நடந்தது இது. என் பட்டறையில் சமஸ்திப்பூர் பக்கத்துப் பையன் ஒருவன், வயது இருபத்திரண்டு. ஊரிலிருந்து அம்மா போன். நன்றாக இருக்கிறேன் என்று அவன் எத்தனை தடவை சொல்லியும் அழுகை நிற்கவில்லை. பேசுவது மகன்தானா, யாராவது மிரட்டிப் பேச வைக்கிறார்களா என்று அவளுக்குச் சந்தேகம். வீடியோவில் வரச் சொன்னாள். முகம் பார்த்த பிறகும் நம்பவில்லை. "ஹாத் திகாவ்" என்றாள். கூலண்ட் வடியும் இரண்டு கையையும் போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினான். அவள் ஒவ்வொரு விரலாக எண்ணினாள். பத்தும் இருந்தது. அதற்கப்புறமும் கிளம்பி வா என்றாள்.

பெற்ற மகனின் விரலை ஒரு தாய் எண்ணிப் பார்க்கும்படி செய்துவிட்டு, இடைவேளையில் தங்க நகை விளம்பரம் போட்டீர்கள். அந்த வருமானத்தை எந்தக் கையால் வாங்கினீர்கள் ஐயா? அந்தக் கையில் எத்தனை விரல்?

மன்னிக்கவும். எல்லை மீறிவிட்டேன். எல்லையோரம் குடியிருப்பதால் வரும் கோளாறு. நன்றிக் கடிதத்துக்குத் திரும்புகிறேன்.

தொழில்நுட்பத்தில் தாங்கள் எட்டிய உயரத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. 2018இல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டில் செயற்கை நுண்ணறிவு வழியே திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதமே, 24ஆம் தேதி, தன் பிறந்தநாளில் ஜெயலலிதா அம்மையார் குரல் கொடுத்துத் தொண்டர்களை அழைத்தார். இரண்டையும் தாங்கள் குறைவில்லாமல் காட்டினீர்கள். காலமானவர்கள் பேச ஸ்லாட் இருக்கிறது. உயிரோடிருக்கும் நான், அது தக்காளிச் சாதம் என்று சொல்ல ஸ்லாட் இல்லை. செத்த பிறகு முயன்று பார்க்கிறேன்.

தங்கள் சேவையில் இந்த வட்டாரம் மறக்காதது விமான நிலையச் செய்தி. 2024 ஜூன் 27, சட்டப்பேரவையில் 110 விதியின்கீழ் முதலமைச்சர் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் பன்னாட்டு விமான நிலையம். தாங்கள் அன்று ராத்திரியே கிராஃபிக்ஸில் விமானத்தை இறக்கிவிட்டீர்கள். அரை மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சி. நடுவே 'விமான நிலையத்துக்கு மிக அருகில்' மனை விளம்பரம். எது நிகழ்ச்சி, எது விளம்பரம் என்று என் மச்சானுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாகலூர் தாண்டி ஒரு மனைக்கு முன்பணம் கட்டிவிட்டு, இப்போது அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு: 150 கிலோமீட்டர் ஆரத்துக்குள் 2033 வரை புதிதாக இன்னொன்று வர அது முட்டுக்கட்டை. தேவனஹள்ளியில் முள்ளை ஊன்றிக் காம்பஸைச் சுற்றினால் ஓசூர் உள்ளேதான் விழும். என் வழுக்கைக்கு வட்டம் போட்ட தாங்கள், போட்டே ஆகவேண்டிய அந்த ஒரு வட்டத்தை அன்று மட்டும் ஏன் போடவில்லை? சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளவில்லையோ?

சரிபார்க்கத்தான் அரசு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2023இல் மாநில அரசு தகவல் சரிபார்ப்பகம் வைத்தது. மத்திய அரசும் தன்னைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று தானே சொல்ல ஒரு பிரிவை 2024 மார்ச் 20இல் அறிவித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. பட்டறைப் பாஷையில் சொன்னால், லேத் ஓட்டுகிறவனே இன்ஸ்பெக்‌ஷன் சீலும் குத்துவது. அப்படி ஒரு லாட்டை எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது, அனுப்பியவன் சென்னையாக இருந்தாலும் டெல்லியாக இருந்தாலும்.

புகார் கொடுக்க வழியும் உண்டாம். 2021 ஜூனில் திருத்திய கேபிள் டி.வி. விதிகளின்படி 15 நாளில் தாங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் தங்களைப் போன்றவர்கள் கூடி வைத்துக்கொண்ட அமைப்புக்குப் போகலாம். அங்கே அதிகபட்ச அபராதம் 2008இலிருந்து ஒரு லட்சம். இது போதுமா என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. ஒரு லட்சமா! என் இரண்டு ரிஜெக்ட் லாட்டுக்குக் காணாது.

தங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நானும் வட்டம் போட்டவன்தான். 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டு கே.பி.என். பேருந்துகள் எரிந்த நாள். நம் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிட, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு அத்திப்பள்ளிக்கு நடந்தார்கள். எரிந்த பேருந்துகள் நிஜம். அன்று ராத்திரி என் போனுக்கு வந்த இன்னொரு காணொளி எந்த ஊரோ, எந்த வருஷமோ. கொதிப்பில் நாற்பது பேருக்குத் தட்டிவிட்டேன். அந்த நாற்பதில் என்னிடம் பதினொரு வருஷம் வேலை பார்த்த ஆனேக்கல் டர்னரும் ஒருவர், கன்னடக்காரர். ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஜாபை மாட்டினார். அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காரவே இல்லை.

ஆகவே, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டுவது: 9 மணிக்குப் போட்டதை 9 மணிக்கே, போட்ட அதே எழுத்தளவில், தவறு என்று சொல்ல வேண்டும். நள்ளிரவு ஆன்மிக நிகழ்ச்சிக்கும் மாத்திரை விளம்பரத்துக்கும் நடுவில் அல்ல. என் தலையைச் சுற்றியே மறுபடி ஒரு வட்டம் போட்டாலும் சரி. பச்சை மையில் போட்டால் தேன்கனிக்கோட்டைக்குத் தெளிவாகத் தெரியும்.

தங்கள் வட்டத்துக்குள் என்றும் அடங்கிய,
லேத் பட்டறைக்காரன்.

இணைப்பு: என் கையால் கடைந்த இரும்பு வளையம், ஒன்று. விட்டம் 40 மி.மீ. டிராயிங்கும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் உடன் உள்ளன. அளவு தவறியிருந்தால் திருப்பி அனுப்பவும். லாரி வாடகை என்னுடையது.