கம்ப்யூட்டருக்கு நைட் ஷிஃப்ட்

டாஸ்க் ஷெட்யூலர் பற்றி வாசகர் கேள்விகள்

கே: தினமும் கடை சாத்தும் முன் கணக்கு ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுக்கிறேன். இதைக் கம்ப்யூட்டரே செய்யாதா?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

ப: செய்யும். சம்பளம் கேட்காத ஆள் ஒருவர் உங்கள் விண்டோஸிலேயே இருக்கிறார். ஸ்டார்ட் மெனுவில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, வலப்பக்கம் 'கிரியேட் பேசிக் டாஸ்க்' என்பதை அழுத்துங்கள். பெயர் என்ன, எப்போது ஓட வேண்டும், எதை ஓட்ட வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். காப்பி எடுக்க விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி போதும். அதில் 'மிரர்' வசதியை மட்டும் யோசித்துப் போடுங்கள். மூலத்தில் இல்லாததை அது நகலிலும் அழித்துவிடும். பகலில் கை தவறி அழித்த ஃபைலை இரவு பத்து மணிக்கு நகலிலிருந்தும் பொறுப்பாக அழித்து வைக்கும்.

கே: இரவு 11 மணிக்கு ஓடச் சொல்லியிருந்தேன். ஓடவே இல்லை!
– ஆசிரியை, தஞ்சாவூர்

ப: 11 மணிக்குக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததா? 'ஸ்லீப்'பில் இருந்தால் எழுப்பலாம். 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் 'வேக் த கம்ப்யூட்டர்' என்பதை டிக் செய்யுங்கள். ஷட் டவுன் செய்துவிட்டால் எழுப்ப முடியாது. அப்போதும் வழி உண்டு. 'செட்டிங்ஸ்' பக்கத்தில், தவறிப்போன வேலையை முடிந்த சீக்கிரம் ஓட்டச் சொல்லும் டிக் ஒன்று இருக்கிறது. போட்டுவிட்டால், காலையில் கம்ப்யூட்டரைப் போட்ட சற்று நேரத்தில் பாக்கி வேலை தொடங்கிவிடும்.

கே: ஆபீஸில் ஒழுங்காக ஓடும் டாஸ்க், வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்தால் வேலைநிறுத்தம் செய்கிறதே?
– ஐ.டி. ஊழியர், சென்னை

ப: சார்ஜரை மறந்திருப்பீர்கள். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக்கை விண்டோஸ் தானாகவே போட்டு வைத்திருக்கும். நடுவில் பேட்டரிக்கு மாறினால் வேலையைப் பாதியில் நிறுத்தவும் அதன் கீழேயே இன்னொரு டிக் உண்டு. 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கே: மாதக் கடைசி நாளில் சம்பளப் பட்டியல் தயாராக வேண்டும். 31 என்று போட்டேன். சில மாதம் வருகிறது, சில மாதம் வருவதில்லை.
– கணக்கர், திருப்பூர்

ப: 31-ம் தேதி வருடத்தில் ஏழு மாதங்களில்தான் வருகிறது, உங்கள் டாஸ்க்கும் ஏழு முறைதான் வரும். அதே பட்டியலில் 31-க்குக் கீழே 'லாஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பிப்ரவரியிலும் சம்பளம் உண்டு.

கே: மனைவியின் பிறந்த நாளை வருடா வருடம் நினைவுபடுத்த டாஸ்க் போடலாமா?
– மறதிக்காரர், மதுரை

ப: போடலாம். ஆனால் தினம், வாரம், மாதம் என்றுதான் இருக்கிறது. வருடம் என்று தனியாக இல்லை. 'மன்த்லி' எடுத்து, அந்த ஒரு மாதத்தை மட்டும் டிக் செய்யுங்கள். செய்தி காட்டும் வசதியை விண்டோஸ் 8 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் ஓரங்கட்டிவிட்டது. எனவே வாழ்த்து எழுதிய ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லுங்கள். புடவையை நீங்கள்தான் வாங்க வேண்டும்.

கே: பேட்ச் ஃபைலை நான் டபுள் கிளிக் செய்தால் ஓடுகிறது. ஷெட்யூலர் ஓட்டினால் 'ஃபோல்டர் இல்லை' என்கிறது. என் மேல் மட்டும்தான் மரியாதையா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

ப: இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, நெட்வொர்க் ஃபோல்டருக்கு நீங்கள் வைத்திருக்கும் 'இசட் டிரைவ்'. அது நீங்கள் லாகின் செய்தால்தான் உண்டாகிறது. ஆள் இல்லாதபோதும் ஓடும் டாஸ்க்குக்கு அப்படி ஒரு டிரைவே தெரியாது. சர்வர் பெயரோடு முழு முகவரியைக் கொடுங்கள். இரண்டு, 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டம். அதைக் காலியாக விட்டால் டாஸ்க் விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் நின்றுகொண்டு உங்கள் ஃபைலைத் தேடும். அந்தக் கட்டத்தில் ஃபோல்டர் முகவரியை மேற்கோள் குறி இல்லாமல் எழுதுங்கள்.

கே: ஆள் இல்லாதபோதும் ஓடச் சொன்னால் பாஸ்வேர்டு கேட்கிறது. தினமும் நான் போடும் நாலு இலக்க பின்னைக் கொடுத்தால் ஏற்கவில்லை.
– ஓய்வு பெற்றவர், திருச்சி

ப: பின் வேறு, கணக்கின் பாஸ்வேர்டு வேறு. ஷெட்யூலருக்கு இரண்டாவதுதான் வேண்டும். பிறகு பாஸ்வேர்டை மாற்றினால் டாஸ்க்கிலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பழைய சாவியோடு தினமும் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும்.

கே: ரோபோகாப்பி டாஸ்க் மூன்று நாளாக 'ரன்னிங்' என்றே காட்டுகிறது. அவ்வளவு உழைப்பா?
– மருந்துக்கடைக்காரர், சேலம்

ப: உழைப்பில்லை, காத்திருப்பு. வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கும் ஃபைலை ரோபோகாப்பியால் எடுக்க முடியாது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 30 நொடிக்கு ஒரு முறை, 10 லட்சம் முறை முயலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 347 நாள்! பழையது முடியாமல் புதியதைத் தொடங்குவதில்லை என்பது ஷெட்யூலரின் இயல்பான விதி. ஆக மறுநாள் காப்பியும் போச்சு. 3 நாள் தாண்டினால் நிறுத்திவிடு என்ற டிக்தான் கடைசியில் காப்பாற்றுகிறது. ரோபோகாப்பி கட்டளையில் முயற்சியை 2 என்றும் காத்திருப்பை 5 நொடி என்றும் குறைத்து, கணக்கு மென்பொருளை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கே: 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' கட்டத்தில் '0எக்ஸ்1' என்று வருகிறது. பூஜ்யம் வந்தால்தான் வெற்றி என்கிறார்கள். என் காப்பி தோல்வியா?
– அதே மருந்துக்கடைக்காரர்

ப: பொதுவாகப் பூஜ்யம் வெற்றி, ஒன்று கோளாறு. ரோபோகாப்பி மட்டும் தனி ரகம்: ஒன்று என்றால் ஃபைல்களை நகல் எடுத்துவிட்டேன் என்று பொருள், பூஜ்யம் என்றால் எடுக்க எதுவும் இல்லை என்று பொருள். எட்டும் அதற்கு மேலும் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். எந்த எண்ணையும் படிக்கும் முன் அதைச் சொன்ன புரோகிராம் எது என்று பாருங்கள்.

கே: நான் லினக்ஸ்காரன். இதெல்லாம் எங்கள் ஷெட்யூலரான 'கிரான்' பார்த்துச் செய்த காப்பிதானே?
– பொறியியல் மாணவர், கோவை

ப: வயதில் கிரான் மூத்தது. 1979-ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. விண்டோஸ் பக்கம் 95-க்கான 'பிளஸ்' தொகுப்பில் 'சிஸ்டம் ஏஜென்ட்' என்ற பெயரில்தான் வந்தது. பெருமைப்படும் முன் ஒரு சோதனை: 1-ம் தேதி, திங்கள்கிழமை என இரண்டையும் கிரானில் குறித்தால் எப்போது ஓடும்? 1-ம் தேதி திங்களாக அமையும்போது என்றால் தவறு. ஒவ்வொரு 1-ம் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்களும் ஓடும்.

கே: நான் போடாத டாஸ்க் ஏகப்பட்டது இருக்கிறது. அழித்துவிடட்டுமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

ப: 'மைக்ரோசாஃப்ட்' ஃபோல்டருக்குள் இருப்பவற்றைத் தொடாதீர்கள். டிஸ்க்கைச் சீர்படுத்துவது, கடிகாரத்தைச் சரிசெய்வது போன்ற வேலைகள் அவை. அதற்கு வெளியே, அறிமுகமில்லாத பெயரில் ஏதாவது இருந்தால் 'ஆக்ஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து, எந்தப் புரோகிராமை ஓட்டுகிறது என்று பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் திரும்ப எழ, வைரஸ்களும் இதே ஷெட்யூலரில் இடம் பிடிப்பதுண்டு. சந்தேகம் இருந்தால் முதலில் 'டிஸேபிள்' செய்யுங்கள். விசாரித்த பிறகு அழிக்கலாம்.

கே: எல்லாம் செட் செய்தாயிற்று. இனி நிம்மதியாகத் தூங்கலாமா?
– முதல் கேள்வி கேட்ட ஈரோட்டுக்காரர்

ப: 'எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி' என்பதை அழுத்திவிட்டுத் தூங்குங்கள். பெரும்பாலும் அது அணைந்துதான் கிடக்கும். அணைந்திருந்தால் நேற்று என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது. மாதம் ஒரு முறை அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து, நேற்றைய கணக்கு அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வேலையைக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடலாம். சரிபார்ப்பதை அதனிடமே கொடுத்தால், பரீட்சை எழுதியவரே விடைத்தாள் திருத்தினால் என்ன மார்க் வருமோ அதுதான் வரும்.